படகுக்காரரைக் கழித்த கதை

1

இன்று காலை படகின் உரிமத்தைப் புதுப்பிக்க மணியம் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய்வந்தோம். வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் அவர் எங்களோடு காரில் வருகிறார். படகு அவருடையது. அதில் கடலுக்குப் போகிறவர்கள் நாங்கள் மூன்று பேர்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். படகுக்காரன் வீட்டில் இருக்க, மற்றவர்கள் படகில் போவதா என்று கேட்பார்கள். இதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தைச் செய்து கொடுத்தவரே மணியம் அண்ணன்தான். அதை முதலிலிருந்து எழுதுகிறேன்.

நான் துறையூர்க்காரன். சிரம்பானில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுத வந்தவன். இங்கேயே பெண் எடுத்து, மனைவி தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை என்பதால், ரெம்பாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் குடியிருக்கிறேன். இத்தனை வருஷம் ஆகியும் கையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டைதான். குடியுரிமைக்கு எழுதிக்கொண்டே இருக்கிறேன். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்துகொண்டே இருக்கிறது. என் மகள் பிறப்பிலேயே குடிமகள், நீல அட்டைக்காரி. வீட்டில் நான் தமிழில் கேட்டால் அவள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், கோபம் வந்தால் மலாயில்.

தோட்டத்தில் எனக்குப் பெயர் ஊர்க்காரன். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களை இங்குள்ள தமிழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். அதில் மரியாதையும் இல்லை, பெரிய அவமரியாதையும் இல்லை. மணியம் அண்ணன் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் அவமரியாதை இருக்கும்.

2

மணியம் அண்ணன் எங்கள் தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். குலை அறுக்கும் ஆட்களை மேய்க்கிற வேலை. ஓய்வு பெற்றதும் தோட்ட வீட்டைக் காலிசெய்து கொடுத்துவிட்டு, மம்பாவில் மகன் வீட்டுக்குப் போனார். அடுத்த வருஷமே மனைவி இறந்தார். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் அவரும் தொலைக்காட்சியும். ஓய்வுப் பணத்தில் ஒரு கண்ணாடியிழைப் படகு வாங்கியிருந்தார். போர்ட்டிக்சன் கடற்கரையோரம் தெரிந்த மலாய்க்காரர் ஒருவரின் வளவில் அது நிற்கும். நாலு பேர் உட்காரலாம். அந்தப் படகில் ஓர் இடம், பேச நாலு வார்த்தை, திட்ட மூன்று ஆட்கள்: அவருக்கு மிச்சம் இருந்தது அவ்வளவுதான். இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். "ஞாயித்துக்கெழமைக்கு மட்டுந்தான்லா நான் உசுரோட இருக்கேன்" என்பார்.

மற்ற இரண்டு பேரில் ஒருவர் காதர் பாய். ரெம்பாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அவருடைய அப்பா ராமநாதபுரத்துக் கடலோரத்திலிருந்து வந்தவர். பாய்க்கு நீச்சல் தெரியாது. இன்னொருவன் சேகர், செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். மணியம் அண்ணனிடம் ஒரு காலத்தில் குலை அறுத்தவன்.

என்னைச் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் நாட்காட்டி. மலாக்கா நீரிணையில் நீரோட்டம் பலமாக இருக்கும். தூண்டில் ஈயம் தரையில் நிற்காது, இழுத்துக்கொண்டு போய்விடும். பாதி நிலவு நாட்களில்தான் தண்ணீர் அடங்கியிருக்கும். அதாவது அஷ்டமி, நவமி. எங்கள் ஊரில் என் அப்பா அஷ்டமி நவமியில் புதுச் சட்டைகூடப் போடமாட்டார். இங்கே படகு இறங்குவதே அந்த நாட்களில்தான். நாள் கிழமை திதி எல்லாம் எனக்கு மனப்பாடமாக இருக்கும். எந்த ஞாயிறு தோதுப்படும் என்று நான் சொல்வேன், அவர்கள் கிளம்புவார்கள்.

மணியம் அண்ணன்தான் படகுத் தலைவர். இங்கே தெக்கோங் என்பார்கள். படகில் அவர் வாய் ஓயாது. "ஊர்க்காரா, தூண்டிலப் புடிக்கிறியா, பேனா புடிக்கிறியா?" "பாய், உங்க புரோட்டாவக் கட்டி இறக்குனா நங்கூரமே வேணாம்லா." "டே சேகரு, லாரி ஓட்டற மாதிரி சுருட்டாதடா, தூண்டி நரம்பு அந்துரும்." சேகருக்கு விழுகிற அடி எப்போதும் கொஞ்சம் கூடுதல். தோட்டத்தில் அவனை ஒருமுறை எல்லார் முன்னாலும் குலையைக் குத்தித் தூக்கும் கம்பியைத் தலைக்கு மேல் தூக்கிப்பிடித்து வெயிலில் நிற்கவைத்தாராம். அதைச் சிரித்துச் சிரித்துச் சொல்வார். சேகரும் சிரிப்பான்.

பேத்தை மீன் மாட்டினால் அவருக்குக் கொண்டாட்டம். விஷ மீன், தின்ன முடியாது. அதன் வயிற்றைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருப்பார். அது பயத்தில் உப்பிப் பந்தாகும். பிறகு மெதுவாகத் தண்ணீரில் வைப்பார். மல்லாந்து மிதக்கும். உள்ளே போகத் துடிக்கும், காற்று விடாது. நாங்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருப்போம். கொஞ்சநேரத்தில் பருந்து வரும். இதை யாரும் தடுத்ததில்லை. பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும்.

3

அந்த வருஷம் தைப்பூசம் கழிந்ததிலிருந்து எங்களுக்கு மீன் இல்லை. வெறுங்கையோடு திரும்புவதைத் தூண்டில்காரர்கள் இங்கே கும்பாவ் என்கிறார்கள். ஒரு கும்பாவ் என்றால் சிரிப்பு. இரண்டு என்றால் இரையைக் குறை சொல்வார்கள். அதற்கும் மேல் போனால், படகில் யாரோ சுவேய் என்று பேச்சு வரும். ராசி கெட்டவன் என்று அர்த்தம். சீனர்களிடமிருந்து எல்லாருடைய வாய்க்கும் வந்துவிட்ட சொல்.

நான்காம் கும்பாவ் அன்று, கரைக்குத் திரும்பும்போது, மணியம் அண்ணன் என்னைப் பார்த்தார்.

"ஊர்க்காரன் எப்ப மொட்ட அடிச்சிட்டு வந்தான்?"

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் நான் துறையூரிலிருந்து திரும்பியிருந்தேன். அப்பாவின் காரியம் முடித்து, மொட்டைத் தலையோடு.

"அதுக்கப்பறந்தான்லா மீனு நின்னுச்சி" என்றார். "சாவுத் தீட்ட ஏரோப்ளேன்ல ஏத்திக் கொண்டாந்துட்டான்."

காதர் பாய் சிரித்தார். பிறகு, "பாவம்ணே, அவரு அத்தா மவுத்தானதுக்கு" என்றார். பாவம் என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சிரித்தார்.

எனக்கு முடி வளர்ந்துவிட்டிருந்தது. அப்பாவைப் பற்றி அந்தப் படகில் யாரும் அதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் படித்தவன். புயலில் மாட்டிய மாலுமிகள் ஒருவன்மேல் பழி போட்டுக் கடலில் தூக்கி எறிந்த கதைகள் எல்லாத் தேசத்திலும் உண்டு என்று எனக்குத் தெரியும். அதை அங்கே சொல்லவும் செய்தேன். சேகர் கேட்டான்: "எறிஞ்சதுக்கு அப்புறம் புயல் நின்னுச்சா?"

"நின்றதாகத்தான் கதை" என்றேன்.

"அப்பச் சரி."

மணியம் அண்ணன் கையைத் தூக்கினார். "சும்மா வாயால சொல்லக் கூடாது. தோட்டத்துல ஆளு கழிப்போமே, அப்படிப் பாத்துருவோம்."

ஆள் கழிப்பது மண்டோர்களின் பழைய வழி. ஒரு கூட்டத்தில் குலையின் எடை குறைகிறது, யார் சோம்பேறி என்று தெரியவில்லை என்றால், தினம் ஓர் ஆளை வேலைக்கு விடாமல் நிறுத்திப் பார்ப்பார்கள். எவன் நின்ற அன்றைக்கு எடை குறையவில்லையோ அவன் வேண்டாதவன். அன்று சாயங்காலமே அவன் மூட்டையைக் கட்ட வேண்டும். விசாரணை கிடையாது, மன்றாடக் கூடாது. "மூஞ்சியப் பாத்தா எறக்கம் வந்துரும். அதனால மூஞ்சியப் பாக்கக் கூடாது, தராசத்தான் பாக்கணும்" என்று மணியம் அண்ணன் விளக்கினார். இப்படி எத்தனை பேரை அனுப்பியிருக்கிறார் என்று சேகர் கேட்டான். அந்தக் கணக்கெல்லாம் யார் வைத்துக்கொண்டிருப்பது என்றார்.

ஆக, ஒவ்வொரு தடவையும் ஒருவர் கரையில் நிற்பது. யார் நிற்கும்போது மீன் விழுகிறதோ அவர்தான் சுவேய். அவர் படகை விட்டு இறங்கிவிட வேண்டும், ஒரேயடியாக.

"முதல்ல ஊர்க்காரன்" என்றார்.

4

கரையில் நிற்பவனுக்கு வேலை காரைப் பார்த்துக்கொள்வது, மத்தியானத்துக்குப் பனிக்கட்டி வாங்கி வைப்பது. மற்ற நேரம் சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்திருக்கலாம். படகு ஒரு புள்ளியாகிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு மீன் விழக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். எந்தச் சாமியிடம் வேண்டினேன் என்று ஞாபகமில்லை. மத்தியானம் திரும்பினார்கள். கும்பாவ்.

"தப்பிச்சிட்டான்லா" என்றார் மணியம் அண்ணன். முகத்தில் நிஜமான ஏமாற்றம் இருந்தது.

அடுத்தது காதர் பாய். அன்று ஒரு கெளுத்தி. முள்ளை ஒடித்து எறிந்துவிட்டு, இதை மீன் என்று கணக்கில் எடுக்க முடியாது என்று தெக்கோங் தீர்ப்புச் சொன்னார். மூன்றாவது சேகர். அன்று ஒரு திருக்கை நரம்பை அறுத்துக்கொண்டு போனது, வேறொன்றும் இல்லை.

அவ்வளவில் விட்டிருக்கலாம். காதர் பாய்கூடச் சொன்னார், "போதும்ணே, எரைய மாத்திப் பாப்போம்" என்று. மணியம் அண்ணன்தான் கேட்கவில்லை.

"நானும் ஒரு தடவ நிக்கிறேன்லா. அப்பத்தான் நாயம். பின்னாடி எவனும் பேசக் கூடாது."

அன்று அவர் கடற்கரையில் மடக்கு நாற்காலி போட்டு, தலையில் துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். படகைத் தள்ளிவிடும்போது, "டே சேகரு, எஞ்சினப் பாத்து முறுக்கு, அது ஒங்கப்பன் லாரி இல்ல" என்று கத்தினார். அவர் இல்லாமல் அந்தப் படகு கிளம்பியது அதுதான் முதல் தடவை.

சேகருக்கு மீன் நிற்கும் இடங்கள் தெரியாது. தெக்கோங் அவற்றை யாருக்கும் காட்டித்தந்ததில்லை. ஒரு குத்துமதிப்பாகப் போனோம். வழியில் எஞ்சினில் ஒரு பிளாஸ்டிக் பை சுற்றி நின்றுவிட்டது. அதை எடுக்கும் வரை சும்மா இருப்பானேன் என்று பாய் ஒரு தூண்டிலைப் போட்டார். போட்டதும் கோல் வளைந்தது.

காலா மீன் கூட்டம். நான் வாழ்க்கையில் அப்படிப் பார்த்ததில்லை, இனியும் பார்க்கமாட்டேன். இரை தரையைத் தொடவில்லை. சேகர் ஸ்பானரின் பின்பக்கத்தால் ஒவ்வொன்றின் தலையிலும் தட்டிக்கொண்டே இருந்தான். பிறகு தட்டவும் நேரமில்லை. காலடியில் கிடந்து துடித்தன, மிதித்துக்கொண்டு நின்றோம். ரத்தமும் செதிலுமாகக் கால் வழுக்கியது. தொங் என்று இங்கே சொல்கிற பனிப்பெட்டியின் மூடி பாதிதான் மூடியது. பாய் அதன்மேல் ஏறி உட்கார்ந்து அழுத்தினார். நாங்கள் மூவரும் சின்னப் பிள்ளைகளைப்போலக் கத்தினோம். நான் அப்பாவுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன்.

திரும்பி வரும்போது சேகர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். "யாரும் எறக்கப்படக் கூடாது. தராசத்தான் பாக்கணும்."

மணியம் அண்ணன் முழங்கால் தண்ணீர் வரை இறங்கி வந்து கயிற்றைப் பிடித்தார். "என்னா, கும்பாவா?"

சேகர் மூடியைத் திறந்தான். அவர் உள்ளே பார்த்தார். முகம் விரிந்தது. ஒரு மீனைச் செவுளைப் பிடித்துத் தூக்கி, "ஏ அப்பா" என்றார். "எந்த எடம்? கல்லுப் பக்கமா? எந்த எடம்டா?"

"எடம் இல்லண்ணே" என்றான் சேகர். "ஆளு."

அவருக்குப் புரியக் கொஞ்சநேரம் ஆயிற்று. புரிந்ததும் சத்தமாகச் சிரித்தார். பாயும் சிரித்தார், நானும் சிரித்தேன். மீனை நாலு பங்காகப் பிரித்தோம். அவருக்குப் பெரியதாகப் பார்த்துக் கொடுத்தோம். நான் என் கைபேசியில் அவரைப் படம் எடுத்தேன்: மடக்கு நாற்காலி, தலையில் துண்டு, மடியில் மீன்.

5

அடுத்த நவமிக்கு அவர் தூண்டில்கோலோடு வந்து நின்றார். மூன்று பேரும் கோல்களை ஏற்றினோம். அவர் தன்னுடையதை நீட்டினார். சேகர் வாங்கவில்லை.

"அண்ணே, ரூல்ஸ் ஒங்களுது."

"டே, வெளையாட்டுக்குச் சொன்னதுலா அது."

"முருகேசன அனுப்பினப்பவும் வெளையாட்டுக்குத்தான் அனுப்பினீங்களா?"

முருகேசன் சேகரின் மச்சான். ஆள் கழித்ததில் வேலை போனவன். அது எனக்கு அதுவரை தெரியாது. மணியம் அண்ணனுக்கும் ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. "எந்த முருகேசன்?" என்று கேட்டார். அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

அவர் பாயைப் பார்த்தார். பாய் எண்ணெய் டின்னைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: அவரை ஏற்றினால் ஆள் கழிக்கிற வேலை மறுபடி தொடங்கும். மறுபடி தொடங்கினால் கரையில் முதலில் நிற்பவன் யார் என்று எனக்குத் தெரியும்.

"சரி, போய்ட்டு வாங்க" என்றார். கயிற்றை அவரே அவிழ்த்துவிட்டார்.

அன்று ஒரு மீனும் இல்லை. அவ்வளவுதான், கதை முடிந்தது, ராசியும் இல்லை ஒன்றும் இல்லை என்று நான் நினைத்தேன். பாய் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அவரு கரையிலேருந்து நம்மளயே பாத்துக்கிட்டு இருந்தாருல்ல. அந்தக் கண்ணுதான்."

இறங்கியதும் பாயே பக்குவமாகச் சொன்னார். "அண்ணே, தப்பா நெனக்காதீங்க. நீங்க இனிமே கடக்கரைக்கு வர வேணாம். வெயிலு வேற. ஒடம்பு என்னாத்துக்கு ஆவும்?"

அடுத்த தடவை அவர் வரவில்லை. கடலில் இருக்கும்போது பாய்க்குத் தொலைபேசி அடித்தது. "என்னாச்சி, விழுந்துச்சா?" என்று கேட்டாராம். அன்றும் கும்பாவ். தொலைபேசியில் கூப்பிட்டதுதான் காரணம் என்று முடிவாயிற்று. அதையும் அவரிடம் சொன்னோம். அவர் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்.

நான் எடுத்த படத்தில் என் மகள் தலையை மட்டும் வெட்டி, கீழே சுவேய் என்று சிவப்பில் எழுதி, வாட்ஸாப் ஸ்டிக்கர் ஆக்கிக் கொடுத்தாள். எங்கள் குழுவில் யாருக்கு எது கெட்டாலும் இப்போது அதுதான் பதில். லாரி டயர் வெடித்தால் அவர் முகம். மழை வந்தால் அவர் முகம். அந்தக் குழுவில் அவரும் இருக்கிறார். கட்டைவிரல் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார்.

மகள் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்கிறாள். ஒருநாள் முழுக்கதையும் கேட்டுவிட்டு, "அப்பா, நாலு ட்ரிப்ப வச்சி ஒண்ணுமே சொல்ல முடியாது. இது வெறும் கோஇன்சிடென்ஸ்" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சா ஏன் அந்த அங்கிளக் கூட்டிட்டுப் போகல?"

அவள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள். ஸ்டிக்கரை அழித்துவிடு என்று நானும் சொல்லவில்லை, அவளும் அழிக்கவில்லை.

எங்களுக்கு மீன் அதன்பின் சரியாக விழவே இல்லை. அவருக்குத் தெரிந்த இடங்கள் எங்களுக்குத் தெரியாது. ஆனால் அவர் உட்கார்ந்த இடத்தில் இப்போது தொங்கை வைத்திருக்கிறோம். கால் நீட்ட வசதியாக இருக்கிறது.

6

இன்று காலை மம்பாவ் அடுக்குமாடி வாசலில் அவர் எங்களுக்கு முன்பே வந்து நின்றார். சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். முன் இருக்கை அவருக்கு. "என்னா பாய், கட எப்படி? ஊர்க்காரா, இன்னும் செவப்பு ஐசிதானா? செத்தப்பறம் நீலம் குடுப்பானுங்கலா" என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். காரோட்டிய சேகர் வானொலியின் சத்தத்தைக் கூட்டினான். அதற்கு மேல் குரலை உயர்த்திப் பேசினார்.

படகைச் சேகர் பெயருக்கு மாற்றிவிடலாமே என்று பாய் போன வருஷமே கேட்டிருந்தார். இன்றும் கேட்டார். எங்கள் பக்கத்து அலுவலகத்தில் படகின் சொந்தக்காரர் நேரில் வந்து விரல் வைக்க வேண்டும், ஒவ்வொரு வருஷமும் அலைச்சல் என்றார்.

"பேர மாத்திட்டா என்னைய எதுக்குக் கூப்புடப் போறீங்க?" என்றார் மணியம் அண்ணன். வேடிக்கையாகச் சொல்வதுபோல்தான் சொன்னார்.

முகப்பில் இருந்த மலாய்ப் பெண் விரலை இயந்திரத்தில் வைக்கச் சொன்னாள். வைத்தார். பதியவில்லை. தோட்டத்தில் உழைத்தவர்களின் கட்டைவிரலில் ரேகை தேய்ந்திருக்கும், இங்கே இது புதிதல்ல. துடைத்துவிட்டு வைத்தார். பதியவில்லை.

"மெசினுக்கே தெரியிது" என்றான் சேகர், தமிழில்.

அந்தப் பெண் ஈரத்துணி ஒன்றைக் கொடுத்தாள். அவர் விரலைப் பிடித்து அவளே அழுத்திவைத்தாள். பதிந்தது. தாளை அச்சடிக்கும் நேரத்தில், பேச்சுக்குக் கேட்பதுபோல மலாயில் கேட்டாள்: "பெரியவரே, இன்னும் கடலுக்குப் போகிறீர்களா?"

அவர் திரும்பி எங்களைப் பார்த்தார். யாராவது ஏதாவது சொல்வோம் என்று பார்த்தாரா, சொல்லிவிடுவோமோ என்று பார்த்தாரா, தெரியவில்லை. பாய் கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"போகிறேன், மகளே" என்றார் அவர் மலாயில். "நாங்கள் நாலு பேர். நான்தான் தெக்கோங்."

"மீன் கிடைக்கிறதா?"

"நிறைய" என்றார்.

திரும்பும்போது தாளைச் சேகர் வாங்கி, காரின் முன்பெட்டிக்குள் வைத்துக்கொண்டான். மம்பாவ் வாசலில் இறங்கினார். கதவை மூடிவிட்டு, சுற்றி என் பக்கத்து ஜன்னலுக்கு வந்து குனிந்தார்.

"ஊர்க்காரா, அடுத்த அஷ்டமி என்னைக்கு?"

பக்கத்தில் இருந்த பாய் நெளிந்தார். சேகர் எஞ்சினை அணைக்கவில்லை. அவர் நானும் வரட்டுமா என்று கேட்கப்போகிறார் என்று நாங்கள் மூவரும் நினைத்தோம். என்ன பதில் சொல்வது என்று நான் அதற்குள் யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

"இல்லலா, பயப்படாதீங்க" என்றார். "கெமாஸ்ல தங்கச்சி வீடு இருக்கு. அங்க கடலும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க எறங்குற அன்னைக்கு நான் அங்க போய் இருந்துக்குறேன். இந்தத் தடவ விழும் பாருங்க."

சேகர் அவர் பக்கம் சாய்ந்து கேட்டான்: "கெமாஸ் தூரம் போதுமாண்ணே?"

பாய் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. எங்களைவிட அதிகமாகச் சிரித்தவர் மணியம் அண்ணன்தான். ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தார்.

"என்னைக்குன்னு சொல்லு" என்றார்.

நாள் கேட்டால் எனக்கு வாயில் தானாக வந்துவிடும். "அஷ்டமி சனிக்கிழமை, நவமி ஞாயிறு" என்றேன்.

"அப்ப வெள்ளிக்கெழமையே கெளம்பிடுறேன்" என்றார்.